பேஸ்மென்டில் மிளகாய் நாற்று: விளக்கு ஸ்டாண்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

டொரன்டோவில் மார்ச் மாதம் வாசல் பனிகூட முழுசாகக் கரைந்திருக்காது. ஆனால் ஆகஸ்டில் சொந்தத் தோட்டத்து மிளகாயைப் பறிக்க நினைப்பவர்கள் அதற்குள் விதை போட்டுவிட வேண்டும். மிளகாயும் கத்தரியும் நடவுக்குத் தயாராக 8 முதல் 10 வாரம் பிடிக்கும். மே மாதம் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் வெளியே நட முடியும். அக்டோபரில் உறைபனி திரும்பிவிடும். ஒரு மாதம் பிந்தினால், செடி பூக்கும், காய் பழுக்காது.

சரி, ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா? போதாது. அந்த வெளிச்சத்தில் நாற்று நூல் மாதிரி நீண்டு, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதைத் தேற்றுவது கஷ்டம்.

அதனால்தான் விளக்கு ஸ்டாண்ட். விலை கூடிய ஊதா விளக்கு அவசியமே இல்லை. கராஜில் மாட்டும் 4 அடி எல்.இ.டி. விளக்கு போதும், பெட்டியில் 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மரம் அறுக்கும் முன்

கடையில் 'டூ பை ஃபோர்' என்று விற்கும் சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். பெயரை நம்பி அளவு போட்டால் எல்லாம் பிசகும்.

50 அங்குல நீளம், 22 அங்குல அகலத்தில் மூன்று சட்டகங்கள் செய்யுங்கள். சரியாக 48 என்று அறுத்துவிட்டு, விளக்கு இடிக்கிறதே என்று முழிப்பவர்கள் உண்டு. 6 அடிக் கால்கள் நான்கையும் சட்டகங்களின் இரு முனைகளில், வெளிப்புறமாக, இரண்டரை அங்குல ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். தரையிலிருந்து 1 அடியில் ஒன்று, 3 அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று. கீழ் இரண்டுக்கும் மேலே பிளைவுட். உச்சியில் இருப்பது விளக்கைத் தொங்கவிட மட்டும். ஒரு தட்டில் நாற்று ட்ரே நான்கு அடங்கும். பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் அடிக்காவிட்டால் ஸ்டாண்ட் ஆடும். சுவரோடும் பிணைத்துவிடுவது நல்லது, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். தண்ணீர் சிந்தும் என்பதால் பிளைவுட்டுக்கு இரண்டு கை வார்னிஷ்.

விளக்கை நேராக ஆணியில் அடித்துவிடாதீர்கள். சங்கிலியும் கொக்கியும்தான் இதில் முக்கியம். ஏன்னா, விளக்கு எப்போதும் இலைக்கு 3, 4 அங்குலம் மேலேயே இருக்க வேண்டும். நாற்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். இலை வெளுத்தால் கொஞ்சம் கூடவே ஏற்றுங்கள்.

தட்டுக்கு இரண்டு வீதம், 40 வாட் விளக்கு நான்கு. டைமர் வைத்து 16 மணி நேரம் எரித்தால் நாளுக்கு சுமார் இரண்டரை யூனிட். இரவு இருட்டு வேண்டும். வயரை பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மாட்டுங்கள். வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

பேஸ்மென்ட் குளிரில் மிளகாய் முளைக்கத் தயங்கும். மண் 25 முதல் 30 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், ட்ரேக்கு அடியில் ஹீட் மேட் உதவும். முளைத்த பிறகு ஈரம் கூடினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் ட்ரே முழுக்கச் சரிந்துவிடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். பக்கத்தில் சின்ன ஃபேன்.

மே வந்ததும் அவசரப்பட்டு வெயிலில் வைத்துவிடாதீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம், பத்து நாள் பழக்கிய பிறகு நடலாம்.