நிரலின் வாசிப்பெளிமையும் சிக்கலளவும்

செயற்கூறு ஒன்றின் சிக்கலை எண்ணால் குறிக்கும் முறையை 1976-ஆம் ஆண்டு தாமஸ் மெக்கேப் முன்வைத்தார். முடிவெடுக்கும் இடங்களின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டினால் அவ்வெண் கிடைக்கும். ஏற்கத்தக்க மேல்வரம்பாக அவர் 10-ஐக் கொண்டார்.

இவ்வெண் சோதனைக்குரிய பாதைகளைக் காட்டுமேயன்றி வாசிப்போரின் சிரமத்தைக் காட்டுவதில்லை. 12 மாதங்களின் பெயர்களைத் தரும் ஸ்விட்ச் கூற்று 13 பெறுகிறது. எல்ஸ் பகுதியின்றி ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று இஃப் கூற்றுகள் 4 மட்டுமே பெறுகின்றன. முன்னது ஒரே பார்வையில் விளங்கும். பின்னதிலோ மூன்று நிபந்தனைகளையும் நினைவில் இருத்தியே உள்வரியை வாசிக்க வேண்டும்.

சோனார்சோர்ஸ் நிறுவனத்தின் அறிதல்சார் சிக்கலளவு பின்னலின் ஆழத்தையும் கணக்கிடுகிறது. அதன்படி அந்த ஸ்விட்ச் கூற்றின் அளவு 1. பின்னலான இஃப் கூற்றுகளின் அளவு 1+2+3 என 6. நிபந்தனை பொருந்தாத இடத்திலேயே செயற்கூற்றிலிருந்து வெளியேறுமாறு அவற்றை வரிசையாக மாற்றியமைத்தால் 6 என்பது 3 ஆகக் குறையும். மெக்கேப் அளவோ 4 ஆகவே நிற்கும். வாசிப்பை எளிதாக்கிய மறுசீரமைப்பு அவ்வளவில் புலப்படுவதேயில்லை.

ஆகவே, எண்ணைக் குறைப்பதற்கென்றே செயற்கூற்றைத் துண்டாடுதல் பயன் தராது. பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதியும் தன் பணியைப் பெயராலேயே உணர்த்தும்போதுதான் மறுசீரமைப்பு நிறைவுறுகிறது எனலாம்.