வார்ஃபரின் உட்கொள்பவரா? ஆண்டிபயாட்டிக் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாள்தோறும் வார்ஃபரின் உட்கொள்ளும் முதியவருக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் ஆண்டிபயாட்டிக் தருகிறார்கள். வார்ஃபரின் பற்றி அவர் அங்கு வாய்திறக்கவில்லை. சில நாள்களில் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசியலாம். அடிபடாமலேயே கை கன்றிப்போகலாம்.

இரண்டுமே அவருக்குத் தேவையான மருந்துகள்தாம். சேரும்போதுதான் சிக்கல்.

இரத்தம் உறைய உதவும் சில புரதங்களை உருவாக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினின் செயலைக் குறைத்து, இரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கிறது வார்ஃபரின். அதன் அளவு சரியா என்பதை ஐஎன்ஆர் எனும் இரத்தப் பரிசோதனை காட்டும். வார்ஃபரின் உட்கொள்ளாதவருக்கு அது ஏறக்குறைய 1. உட்கொள்வோரில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். அதற்கு மேல் ஏற ஏற, இரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

சில ஆண்டிபயாட்டிக் மருந்துகள் இந்த அளவை இரு வழிகளில் உயர்த்துகின்றன. கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் போன்றவை, வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. அதனால் வழக்கமான மாத்திரையே உடலில் அதிகமாகத் தேங்கிவிடுகிறது. இன்னொரு வழி, குடலில் வைட்டமின் கே தயாரிக்கும் நல்ல கிருமிகளும் அழிவது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாதவருக்கு உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமினும் குறைந்துவிடும்.

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறானது. அது வார்ஃபரினை விரைவில் சிதைத்துவிடுவதால் இரத்தம் கட்டும் அபாயம் உண்டு.

அதற்காக எந்த மருந்தையும் நாமாக நிறுத்திவிடக்கூடாது. வார்ஃபரினை விட்டால் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் விட்டால் தொற்று முற்றலாம். மருத்துவருக்கு விவரம் தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்வுசெய்வார். அல்லது சில நாள்களில் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, தேவைப்பட்டால் வார்ஃபரின் அளவை மாற்றுவார். ஆண்டிபயாட்டிக் முடிந்த பிறகும் மீண்டும் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.

நிற்காத மூக்கு இரத்தம், சிவந்த சிறுநீர், கறுத்த மலம், கடுமையான தலைவலி ஆகியவை தென்பட்டாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைப் பணப்பையில் வைத்திருங்கள். பல் மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள். தனியாக மருந்தகம் செல்லும் பெற்றோருக்குப் பிள்ளைகள் அதை எழுதிக் கொடுக்கலாம்.