மீனின் காதுக்குள் ஒரு தண்ணீர்க் கணக்கு: கொள்ளிடத்து உல்லம் எங்கே போனது?

கத்தாழை மீன் ஆணம் வைத்த அன்று தலையைச் சுவைக்கும்போது, பல்லில் நறுக்கென்று ஒரு வெள்ளைக் கல் கடிபடும். எலும்பு என்று நினைத்து தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவோம். அது எலும்பு அல்ல, மீனின் காதுக்கல். பிறந்த நாள் முதல் அந்த மீன் எப்படிப்பட்ட தண்ணீரில் வாழ்ந்தது என்பது அதில் பதிவாகியிருக்கிறது.

மீனுக்கு வெளிக்காது கிடையாது. மண்டைக்குள் இருக்கும் உட்காதில் மூன்று ஜோடிக் கற்கள் உள்ளன. ஒலியை உணரவும், நீந்தும்போது உடல் சாயாமல் நிலையாக இருக்கவும் இவை உதவுகின்றன. கத்தாழையில் இந்தக் கல் பெரிது. நம் ஏரிகளில் கிடைக்கும் கெண்டையில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கல் எப்படிக் கணக்கு எழுதுகிறது?

காதுக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அரியலூர் சுண்ணாம்புக்கல்லிலும் முக்கியமாக இருப்பது இதே பொருள்தான். மீன் வளர வளர, கல்லின் மேல் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய படலம் சேருகிறது. இந்த நாள் வளையங்களை 1971-ல் ஜார்ஜியோ பனெல்லா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். எலும்பு தேய்ந்து மீண்டும் உருவாகும். காதுக்கல்லில் ஒருமுறை படிந்த படலம் பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடுகிறது.

படலம் சேரும்போது, தண்ணீரில் கரைந்துள்ள ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற தனிமங்களும் சிறிதளவு அதில் சேர்கின்றன. கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் இருக்கும். பெரும்பாலான ஆறுகளில் அது மிகக் குறைவு. பேரியமோ பொதுவாக ஆற்று நீரில்தான் அதிகம். கல்லைக் குறுக்கே அறுத்து, நடுவிலிருந்து ஓரம் வரை லேசர் கதிரால் புள்ளி புள்ளியாகச் சோதித்தால், மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்று தெரிந்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்த காலத்தைக்கூட மாங்கனீசு அளவைக் கொண்டு கணிக்கிறார்கள். பால்டிக் கடல் காட் மீன்களில் இது செய்யப்பட்டுள்ளது.

நம் ஊர்க் கதை

கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டில் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி. அதன் கரை 16 மைல் நீளம் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஊருக்குத் தெற்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டப்பட்டது கீழணை. அதைக் கட்ட இங்குள்ள கோயில் மதிலின் கற்களையே எடுத்துச் சென்றார்கள்.

அந்த ஆற்றில் ஏறி வந்த மீன்தான் உல்லம். வங்காளிகள் கொண்டாடும் இலிஷ் இதுதான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன் இது. அணைகள் வழியை மறித்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கீழணைப் பகுதியில் உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்க முயன்றது. 1934-ல் மேட்டூர் அணையும் வந்தபின் காவிரி உல்லம் வெகுவாகக் குறைந்துபோனது.

இன்று நம் கடற்கரையில் எப்போதாவது ஓர் உல்லம் வலையில் விழுந்தால், அது கொள்ளிடத்தில் பிறந்ததா, கோதாவரியிலிருந்து வந்ததா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் காதுக்கல்லின் நடுப்பகுதி மீனின் முதல் நாட்களில் உருவானது. கோதாவரி கணிசமான தூரம் எரிமலைப் பாறை நிலத்தில் ஓடுகிறது. காவிரியோ மிகப் பழைமையான கருங்கல் நிலத்தில் ஓடுகிறது. பாறை மாறினால் நீரிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதமும் மாறும். இந்த முறையைக் கொண்டு வங்கதேச உல்லத்தின் பயணத்தை ஆராய்ந்து மில்டன், செனரி ஆகியோர் 2003-ல் வெளியிட்டார்கள். ஆகவே, கொள்ளிடத்தில் உல்லம் இன்னும் பிறக்கிறதா என்ற கேள்விக்கு விடை தேடும் வழி நம்மிடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

கல்லை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. வெப்பநிலையும் மீனின் வளர்ச்சி வேகமும் அளவுகளை மாற்றும். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் நன்னீரிலேயே ஸ்ட்ரான்சியம் கூடுதலாக இருக்கலாம். அரியலூர் பக்கம் ஆய்வு செய்வோர் இதை மறக்கக் கூடாது. முதலில் அந்தந்த ஏரி, ஆற்று நீரைச் சோதித்து ஒப்பிட வேண்டும். மீன் சாப்பிடத் தகுந்ததா என்பதையும் இந்தக் கல் சொல்லாது. பாதரசம் போன்றவற்றுக்கு மீனின் சதையைத்தான் சோதிக்க வேண்டும்.

கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து சென்னை வீடுகளின் குழாய்க்கும் வருகிறது. மீன் வாழும் தண்ணீரும் நாம் குடிக்கும் தண்ணீரும் ஒன்றுதான். வேதியியல், விலங்கியல் படிக்கும் நம் பிள்ளைகள் கல்லூரித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடினால், பொன்னேரியையும் கொள்ளிடத்தையும் அவர்களுக்குக் காட்டுவோம். அடுத்த முறை தட்டில் அந்த வெள்ளைக் கல் கிடைத்தால், கழுவி எடுத்து வீட்டுச் சிறுவர்களின் கையில் கொடுத்து, இந்தக் கதையையும் சொல்வோம்.