பார்சலில் போகும் பலகாரம்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு, பழனிப் பஞ்சாமிர்தம், உடன்குடிக் கருப்பட்டி என்று ஊர்ப்பெயர் தாங்கிய பண்டங்களை இன்று கைபேசியில் பணம் கட்டி வீட்டுக்கே வரவழைத்துவிடலாம். கூரியர் பெருகியதால், சாலை நன்றாக ஆனதால், இணையக் கடைகள் வந்ததால் இது இயன்றது என்பது பொதுவான எண்ணம். அதில் பாதிதான் சரி. அதே கூரியர் அதே வேகத்தில் வந்தாலும் மதுரை ஜிகர்தண்டாவை யாரும் சாதாரண அட்டைப்பெட்டியில் டெல்லிக்கு அனுப்புவதில்லை. பொங்கலும் வடையும்கூடப் போவதில்லை. ஒரு பண்டம் பார்சலில் போகுமா என்ற கேள்விக்கான விடை, அதை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அப்போது அதற்குள் எஞ்சியிருக்கும் நீர் என்ன நிலையில் இருக்கிறது என்பதே அந்த விடை. வண்டியும் இணையமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

உணவு கெட நீர் வேண்டும் என்பது அடுக்களையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு நீர் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். உலர்திராட்சையின் எடையில் 15 முதல் 18 விழுக்காடு ஈரம் இருக்கும்; ஆனாலும் அது டப்பாவில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். நிலக்கடலைப் பருப்பில் 10 விழுக்காடு ஈரம் இருந்தாலே பூஞ்சை பிடித்துவிடும். திராட்சையில் உள்ள நீரை அதன் சர்க்கரை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. கடலையிலோ ஏறக்குறைய பாதி எண்ணெய்; எண்ணெய் நீரைப் பிடிக்காது. அதனால் இருக்கிற கொஞ்ச நீரும் நுண்ணுயிர்களின் கைக்கு எட்டும்படி கிடக்கிறது. வைப்புத்தொகையாகப் பூட்டிய பணமும் சட்டைப்பையில் உள்ள பணமும் எப்படியோ அப்படித்தான் இந்த இரண்டு நீரும்: தொகை எவ்வளவு என்பதைவிட எடுத்துச் செலவழிக்க முடியுமா என்பதே முக்கியம். செலவழிக்கக்கூடிய இந்த நீரின் அளவை உணவியலார் நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். நுண்ணுயிர்களின் வளர்ச்சியை ஈர விழுக்காட்டைவிட இதுவே தீர்மானிக்கிறது என்பதை 1950-களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் ஆய்வுகளால் நிறுவினார்.

இதை அளக்கும் கருவி எளிமையானது. சிறு கிண்ணத்தில் பண்டத்தை வைத்து மூடிவிடுவார்கள். உள்ளே உள்ள காற்று, பண்டம் விட்டுக்கொடுக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டு சமநிலைக்கு வரும். மூடிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி குளிர்விக்கப்படும்; எந்த வெப்பநிலையில் அதன்மேல் பனி படிகிறது என்பதை வைத்து எண் கணக்கிடப்படும். தூய நீருக்கு அந்த எண் 1. இட்லி, சாம்பார், மீன்குழம்பு எல்லாம் 0.95-க்கு மேலே நிற்பவை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. பிடிவாதக்காரரான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான பூஞ்சைகள் 0.80 வரையிலும், மிகச் சில பூஞ்சைகளும் ஈஸ்ட்டுகளும் அதற்கும் கீழேயும் வளரும். 0.60-க்குக் கீழே எந்த உயிரும் பெருகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டப்பா உணவுகளுக்கான விதிகளில் 0.85-ஐ எல்லைக்கோடாக வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான்.

இப்போது கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். வெல்லப்பாகைக் கொதிக்கவிடும்போது நீர் ஆவியாகிக்கொண்டே போக, பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரவேண்டும் என்பது கைத்தேர்ச்சி உள்ளவர்கள் பார்க்கும் பதம். வெறும் சர்க்கரைப் பாகில் இந்தப் பதம் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். அந்த நேரத்தில் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நீர்தான் எஞ்சியிருக்கும். வெப்பமானியே இல்லாமல் காதால் அளக்கும் இந்த முறை எனக்கு ஒரு தலைசிறந்த ஆய்வுக்கூட முறையாகவே படுகிறது. பாகு ஆறும்போது சர்க்கரை மணிமணியாகக் கட்டிக்கொள்ள நேரமில்லாமல் கண்ணாடிபோல உறைந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடிக்குள் நுண்ணுயிர் எதுவும் செய்ய முடியாது. அப்படியானால் அதன் பகை வெளியே இருக்கிறது: மழைக்காலக் காற்றின் ஈரம் மேற்பரப்பில் ஏறி அதை நசநசக்க வைக்கும், காற்றின் ஆக்சிஜன் கடலை எண்ணெயைத் தாக்கிச் சிக்கு வாடையை உண்டாக்கும். முறுக்குக்கும் இதே இரண்டு பகைகள்தான். ஆகவே இவற்றுக்கு வேகமான வண்டியைவிட நல்ல உறை முக்கியம். அலுமினியப் படலம் ஒட்டிய உறையும் உள்ளே நிரப்பிய நைட்ரஜனும் செய்யும் வேலையை ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்கும் கூரியர் செய்துவிட முடியாது.

பால்கோவாவின் கதை இதைவிடச் சிக்கலானது. பாலில் 87 விழுக்காடு நீர். அதை விறகடுப்பில் கிளறிக் கிளறிச் சுண்டவைத்தாலும் கடலைமிட்டாய் அளவுக்கு வற்றவிட முடியாது. அப்படிச் செய்தால் அது பால்கோவாவாக இருக்காது. எஞ்சிய நீரைக் கட்டும் வேலை முக்கியமாகச் சர்க்கரையின் தலையில் விழுகிறது. இங்கே இயற்பியல் ஒரு வரம்பு போடுகிறது: கரையக்கூடிய மட்டும் சர்க்கரையைக் கரைத்தாலும் சர்க்கரைக் கரைசலின் நீர்ச் செயல்பாடு 0.85-ஐ ஒட்டியே நின்றுவிடும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை அது தடுத்துவிடும், பூஞ்சையைத் தடுக்காது. பால்கோவா கெடும்போது மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போவது இதனால்தான். சூடாக இருக்கும்போதே பெட்டியில் அடைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆவி மூடியின் அடியில் நீர்த்துளியாகி மறுபடி பண்டத்தின் மேல் விழும்; அந்த ஒரு புள்ளியில் சர்க்கரை நீர்த்துப்போய்ப் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். பகலில் வெயிலில் நிற்கும் பார்சல் வண்டி இரவில் குளிரும்போதும் இதேதான் நடக்கிறது. நன்றாக ஆறவிட்டு அடைப்பவரிடம் வாங்குவது, நாளைக்கே கொண்டுவருகிறேன் என்பவரிடம் வாங்குவதைவிட மேலானது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சர்க்கரை நிற்கும் இடத்தைத் தாண்டிச் செல்ல ஒரு வழி உண்டு. தேனிலும் வெல்லத்திலும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்னும் சிறு மூலக்கூறுச் சர்க்கரைகள் இருக்கின்றன. எடைக்கு எடை இவை அதிக நீரைக் கட்டும், ஃப்ரக்டோஸ் எளிதில் மணியாகவும் மாறாது. தேன் 0.60-ஐ ஒட்டி நிற்பது இவற்றால்தான். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, நெய் எல்லாம் சேர்கின்றன. ஒரு சொட்டு நீர் சேர்வதில்லை, அடுப்பிலும் ஏறுவதில்லை. பழத்தின் நீரைப் பலவகைச் சர்க்கரைகள் கூடிப் பிடித்துக்கொள்கின்றன. கை ஈரமோ கரண்டி ஈரமோ பட்டால் மட்டும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புளிக்க வைத்துவிடும். 2020-ல் அஞ்சல் துறை சபரிமலைப் பிரசாதத்தை விரைவஞ்சலில் நாடு முழுக்க அனுப்பத் தொடங்கியபோது அதில் அரவணைப் பாயசத்தைத் தயங்காமல் வைக்க முடிந்ததற்கும், அரிசி நனைந்த வெல்லப்பாகின் அடர்த்தி துணைநின்றது.

இதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் வருகிறேன். ஊர்ப்பெயரோடு புகழ்பெற்ற பண்டங்களின் பட்டியல், பெருமளவு நீர் கட்டுண்ட பண்டங்களின் பட்டியலாகவே இருக்கிறது. மணப்பாறை திருச்சி-திண்டுக்கல் ரயில் பாதையிலும், கோவில்பட்டி மதுரை-திருநெல்வேலிப் பாதையிலும் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. நடைமேடையில் வாங்கியவர் இரண்டு நாள் கழித்து ஊரில் பிரித்துப் பகிர்ந்து தின்ன முடிந்ததால்தான் பெயர் பரவியது. ஆம்பூர் பிரியாணியும் திண்டுக்கல் பிரியாணியும் ஈரமான உணவுகள்தானே, அவை எப்படிப் புகழ்பெற்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை வேறு வழியில் பரவின: பண்டம் போகமுடியாத இடத்துக்குச் சமையல்காரர் போனார். அதனால்தான் ஆம்பூர் பெயரில் எந்த நகரத்திலும் கடை இருக்கிறது. ஆம்பூரிலிருந்து பொட்டலம் வருவதில்லை.

இணையத்தில் விற்பதெல்லாம் ரசாயனம் போட்டவை, இல்லாவிட்டால் இத்தனை நாள் தாங்குமா என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. சார்பேட் போன்ற பதப்பொருள்கள் சில பண்டங்களில் சேர்க்கப்படுவது உண்மை. சேர்த்தால் உறையில் அச்சிட்டாக வேண்டும். ஆனால் பதம் சரியாக வந்த கடலைமிட்டாய்க்கும் கருப்பட்டிக்கும் அவற்றால் வேலையே இல்லை. நீரைக் குறைவாகக் கட்டிவிட்டு ஆயுளை மட்டும் நீட்ட நினைக்கும்போதுதான் அவை தேவைப்படுகின்றன. குளிர்பெட்டி வந்துவிட்டதே, இனி எதையும் அனுப்பலாமே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், −78.5 டிகிரியில் நிற்கும் உலர்பனியோடு மீனையே அனுப்புகிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு பனி தீரும் வரைதான். பெட்டி ஒரு கிடங்கில் ஒருநாள் கூடுதலாகத் தங்கினால் உணவுக்கு வேறு துணை இல்லை. பாகுக்கு அந்தக் கெடு கிடையாது.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. நீரைக் கட்டுவது நுண்ணுயிரைப் பெருகவிடாது. ஏற்கெனவே இருப்பதைக் கொல்லாது. 2008-09-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் நிலக்கடலைப் பொருள்களிலிருந்து பரவிய சால்மோனெல்லா 700-க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளியது, 9 பேர் இறந்தார்கள். கடலை வெண்ணெயில் அந்தக் கிருமி பெருகவில்லை, உயிரோடு காத்திருந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது காரணமாகக் கண்டறியப்பட்டது நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே கடலையைக் களத்தில் காயவைப்பதிலேயே கடலைமிட்டாயின் பாதுகாப்பு தொடங்குகிறது. எண்ணெய் மேலே மிதந்தால் தொக்கு கெடாது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. எண்ணெய் காற்றைத்தான் விலக்கும், நீரைக் கட்டாது. காற்றில்லாத இடத்தைத் தேடும் பாட்டுலிசக் கிருமிக்கு அது வசதியாகிவிடும். 1985-ல் வான்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் 30-க்கும் மேற்பட்டோர் பாட்டுலிச நோய்க்கு ஆளானார்கள். நம் தொக்கைக் காப்பவை புளியின் அமிலமும் உப்பும். உடம்புக்கு நல்லது என்று அவற்றைக் குறைத்துச் செய்த வீட்டுத் தொக்கை அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் பயணம்செய்ய விடக்கூடாது.

பண்டிகைக்குப் பலகாரங்களைக் கலந்து ஒரே பெட்டியில் அனுப்பும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. நீர் எப்போதும் செயல்பாடு மிகுந்த பண்டத்திலிருந்து குறைந்த பண்டத்துக்கு நகரும். அல்வாவும் முறுக்கும் ஒரே மூடிக்குள் இருந்தால் அல்வா ஓரம் காய்ந்து, முறுக்கு நமத்துப்போய், இரண்டும் பாழாகும். இரண்டும் அன்றைக்குச் செய்தவையாகவே இருந்தாலும், பெட்டி அடுத்த தெருவுக்கே போனாலும், உள்ளே நகர்வு தொடங்கிவிடும். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத தனி உறையில் ஒட்டி, பிறகு பெட்டியில் அடுக்குகிறார்களா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வகைப் பலகாரமாக வாங்குவது நல்லது.