வாயில் வலிக்காத வெள்ளைத் திட்டு: புற்றுநோயாக மாறுமா? துப்பு கொடுக்கும் 'கி-67'

சென்னையில் மாவா, குட்கா, பாக்கு, பீடி பழக்கம் உள்ளவர்கள் சிலருக்கு கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு வருகிறது. சுரண்டினாலும் போகாது. வலியும் இருக்காது. "வலிதான் இல்லையே, தானா போயிடும்" என்று பலர் விட்டு விடுகிறார்கள்.

இந்த திட்டு புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்கு பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும். சிவப்புத் திட்டு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பாக்கு போடுபவர்களுக்கு வாய் இறுகி, திறக்க முடியாமல் போவதும் இந்த ரகம்தான்.

யாருக்கு மாறும்?

வெளியில் இருந்து பார்த்தால் எல்லா திட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன துணுக்கு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இதுதான் 'பயாப்சி'. செல்கள் உருமாறி, தாறுமாறாக இருக்கிறதா என்று முதலில் கவனிப்பார்கள்.

செல்கள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்பதையும் கண்டுபிடிக்கலாம். அதற்கு உதவுவது 'கி-67' என்ற புரதம். ஜெர்மனியின் கீல் நகர ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் இதை வெளியிட்டனர். ஊர் பெயரில் இருந்து வந்ததுதான் 'கி'. ஓய்வில் உள்ள செல்லில் இது இருக்காது. இரண்டாக பிரியத் தயாராகும் செல்லில் இருக்கும். சாயம் ஏற்றினால் அந்த செல்லின் கரு பழுப்பாக தெரியும்.

நல்ல வாயில், உள்தோலின் அடி அடுக்குகளில்தான் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடியில் புது செல் பிறக்கும், மேலே பழசு உதிரும். மேல் அடுக்கிலும் புள்ளிகள் பரவி இருந்தால், பெருக்கம் கட்டுப்பாட்டை மீறுகிறது என்று அர்த்தம்.

இந்த சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. சாதாரண வீக்கம், புண் இருந்தாலும் புள்ளிகள் கூடலாம். செல்லின் உருவம், திட்டு உள்ள இடம், நோயாளியின் பழக்கம் எல்லாம் சேர்த்தே டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

கத்தி பட்டா பரவுமா?

"கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து சதை எடுக்க மறுப்பவர்கள் உண்டு. இந்த பயம் தேவையில்லை. சோதனையை தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பழக்கத்தை விட்டால் சில திட்டுகள் மறைவதும் உண்டு. மறைந்தாலும் டாக்டர் சொன்ன நாளில் மறுபடி காட்ட வேண்டும்.

திட்டோ, புண்ணோ 2 வாரம் தாண்டியும் ஆறவில்லையா? பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. சென்னையில் கோட்டை ரெயில் நிலையம் எதிரே அரசு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.