பிரேக் எண்ணெயை அறிவோம், முறையாக மாற்றுவோம்

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை வளைவுகள் நிறைந்தது. அவ்வழியே மோட்டார் சைக்கிளில் இறங்குபவர் அடிக்கடி பிரேக் பிடிக்க நேரிடும். பாதி வழியில் பிரேக் கைப்பிடி திடீரெனப் பஞ்சுபோல் மென்மையாகி, அழுத்தியும் வண்டியின் வேகம் குறையாமல் போனால் என்னவாகும்? இத்தகைய ஆபத்துக்கு ஒரு முக்கியக் காரணம், நெடுநாள் மாற்றப்படாத பிரேக் எண்ணெய் ஆகும்.

இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் முன்சக்கரத்தில் வட்டத்தட்டு பிரேக் பொருத்தப்பட்டுள்ளது. நாம் கைப்பிடியை அழுத்தும்போது, அதனருகே உள்ள பிஸ்டன் குழாயிலிருக்கும் எண்ணெயைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. அவ்வாறு பரவும் அழுத்தம், பிரேக் பேட்களைச் சக்கரத்தின் வட்டத்தட்டோடு நெருக்கி வண்டியை நிறுத்துகிறது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது என்பதாலேயே நம் விரல்களின் விசை சக்கரம்வரை செல்கிறது. காற்றை அமுக்க முடியும். எனவே, குழாயில் காற்றுக் குமிழிகள் இருந்தால், நம் விசை அவற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

இத்திரவத்தை நாம் எண்ணெய் என்று அழைத்தாலும், அது இயந்திர எண்ணெயைப் போன்றது அன்று. டாட் 3, டாட் 4 ஆகிய வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல ஈர்த்துக்கொள்ளும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையிலோ, அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகை செல்சியஸ் மட்டுமே. மலைச்சரிவில் பிரேக் சூடேறும்போது, ஈரம் கலந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். ஆகவேதான், பிரேக் எண்ணெயை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி பல கையேடுகள் கூறுகின்றன. பழுப்பு நிறமாக மாறிய எண்ணெயும் மாற்றும் காலம் வந்துவிட்டதைக் காட்டும்.

இவ்வேலையை அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையுடன் வீட்டிலேயே செய்யலாம். முதலில், எண்ணெய்க் கலனின் மூடியில் எழுதப்பட்டுள்ள வகையைப் பார்த்து, அதே வகையில் திறக்கப்படாத புதிய புட்டியை வாங்க வேண்டும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், தெளிந்த நெகிழிக் குழாய், காலிப் புட்டி, கையுறை, கண்ணாடி, ஈரத் துணி ஆகியவையும் தேவை. பிரேக் எண்ணெய் வண்டியின் சாயத்தை அரித்துவிடும். ஆதலால், கலனைச் சுற்றிலும் துணியால் மூடி, சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும்.

கலனின் மூடியைத் துடைத்துத் திறந்து, பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய எண்ணெயை நிரப்புக. பிறகு, சக்கரத்தின் அருகிலுள்ள காற்று வெளியேற்றும் திருகில் குழாயின் ஒரு முனையைப் பொருத்துக. மறுமுனை, சிறிது புதிய எண்ணெய் ஊற்றிய புட்டிக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். இனி, ஒருவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் திருகைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். பழைய எண்ணெயும் குமிழிகளும் குழாய்வழி வெளியேறும். திருகை மூடிய பின்னரே கைப்பிடியை விட வேண்டும். முன்னதாகவே விட்டுவிட்டால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ‘அழுத்து, திற, மூடு, விடு’ என்னும் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

குமிழிகள் நின்று, தெளிந்த புதிய எண்ணெய் வரும்வரை இவ்வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இடையிடையே கலனில் எண்ணெய் ஊற்றுவதை மறக்கக்கூடாது. கலன் வற்றினால் மீண்டும் காற்று புகுந்து, செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

இறுதியில், திருகை அளவாக இறுக்கி, கலனைக் குறியீட்டளவு நிரப்பி மூடிவிட்டுக் கைப்பிடியை அழுத்திப் பார்க்க வேண்டும். அது உறுதியாக நிற்க வேண்டும். எங்கும் கசிவு இருக்கக்கூடாது. அதன் பிறகே, உரிமம் உள்ளவர் வண்டியை மிக மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். கைப்பிடி இன்னும் மென்மையாக இருந்தால், வண்டியை ஓட்டாமல் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். ஏ.பி.எஸ். பொருத்தப்பட்ட வண்டிகளைப் பட்டறையில் கொடுப்பதே நன்று. பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல், அதையும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

நம் நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். வண்டியை ஓட்டக் கற்பவர், அது எப்படி நிற்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டில் நாமே இவ்வேலையைச் செய்தால் பட்டறைக் கூலி மிச்சமாகும். ஆயினும், ஓர் உயிர் அந்தக் கைப்பிடியை நம்பியிருக்கிறது. சரியாகச் செய்தோமா என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், அந்த வண்டி சாலைக்குச் செல்லக்கூடாது.