இசைவும் கூர்முனையும்: துணைவரிடையே கத்தி விளையாட்டில் நம்பிக்கையும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வயதுவந்த துணைவர் இருவர் தம் இசைவுடன் கூடல் விளையாட்டில் கத்தியைக் கையாளுதல் குறித்துக் காமசூத்திரமும் இந்தியச் சட்டமும் கொண்டுள்ள நிலைப்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. இசைவு இன்றியமையாதது, எனினும் அது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பது இதன் மையக்கருத்து.

திறவுச்சொற்கள்: இசைவு, நம்பிக்கை, கொடுங்காயம், காமசூத்திரம், பாரதிய நியாய சன்ஹிதா.

முன்னுரை

கத்தியின் முனையையோ மழுங்கிய பக்கத்தையோ துணைவரின் தோலில் படவைத்து, அச்சத்தையும் கிளர்ச்சியையும் ஒருசேர உணர்வதே கத்தி விளையாட்டு. வெட்டுதல் இதன் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் உடலை மற்றவர் கையில் ஒப்படைக்கிறார். அவ்வொப்படைப்பே இதன் சாரம். ஆகவே நம்பிக்கை தவறுமிடத்தில் இது வன்முறையாக மாறிவிடும்.

காமசூத்திரத்தின் எச்சரிக்கை

கூடலின்போது அடித்தல் பற்றிப் பேசும் பகுதியில் வாத்ஸ்யாயனர், கீலம், கர்த்தரி, வித்தம், சந்தம்சிகை என்னும் நான்கினைத் தென்னாட்டார் வழக்கமாகச் சுட்டுகிறார். இவை கருவிகள் என்றும் கையமைதிகள் என்றும் இருவகையாகப் பொருள்கொள்ளப்படுகின்றன. சோழ மன்னன் ஒருவன் கீலத்தால் சித்திரசேனை என்னும் கணிகையைக் கொன்றதையும், குந்தள நாட்டுச் சாதகர்ணி கர்த்தரியால் அரசி மலயவதியைக் கொன்றதையும், நரதேவன் வித்தத்தால் நடனமகள் ஒருத்தியின் கண்ணைக் குருடாக்கியதையும் அவர் சான்று காட்டுகிறார். கொல்லும் நோக்கம் இம்மூவருக்கும் இருந்ததாக அவர் கூறவில்லை. வேட்கையின் வேகம் இடரை மறைக்கும். எனவே தன் வலிமையையும் துணையின் தாங்குதிறனையும் முன்னரே அறிந்து ஒழுகவேண்டும் என்பதே அவர் முடிபு.

சட்டம் வரையும் எல்லை

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவைத் தொடர்கிறது. 18 வயது கடந்தவர் இசைந்து ஏற்ற தீங்கு குற்றமாகாது என்பது அதன் விதி. பொழுதுபோக்காக வாள்வீச்சில் ஈடுபடும் இருவரை இப்பிரிவு எடுத்துக்காட்டாகத் தருவது இங்குக் கருதத்தக்கது. ஆயினும் மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணமோ, அவை விளையக்கூடும் என்னும் அறிவோ செய்பவருக்கு இருப்பின் இவ்விலக்குக் கிட்டாது. கண்பார்வை இழப்பு, முகத்தில் நிலைத்த உருக்குலைவு, உயிருக்கு இடர்தரும் காயம் ஆகியன 116ஆம் பிரிவின்படி கொடுங்காயங்கள். கழுத்தில் கூர்முனையை அழுத்துபவர் விளைவை அறியாதவர் எனக் கூறல் அரிது.

அச்சத்தாலோ தவறான புரிதலாலோ தரப்பட்ட இசைவு, அதனைச் செய்பவர் அறிந்திருப்பின், 28ஆம் பிரிவின்படி இசைவாகாது. செயலின் தன்மையை உணரவியலாத போதையில் தரப்பட்டதும் அவ்வாறே. இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கில் பிரபுக்கள் அவை, இசைவுடன் நிகழ்ந்த காயத்தையும் குற்றமென மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

நடைமுறைப் பாதுகாப்பு

எங்கே தொடலாம், எங்கே தொடலாகாது என்பதைக் கத்தியை எடுக்கும் முன்பே பேசி முடிவுசெய்தல் வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, தொடையின் உட்புறம், கண்ணருகு ஆகியன விலக்கத்தக்கன. மழுங்கிய முனை போதுமானது. மது அருந்தியிருப்பின் கைவிடுதல் நன்று. நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்றையும், பேசவியலாதபோது காட்டும் சைகையையும் வகுத்துக்கொள்ளுதல் தேவை. தோல் கீறினால் மஞ்சட்காமாலை பி, எச்.ஐ.வி. தொற்றுக்கு வழியுண்டாதலின் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளுக்குக் கத்திக்காயத்துடன் செல்வோர் விவரம் விபத்துப் பதிவேட்டில் ஏறுவதும் காவல்நிலையத்துக்குத் தகவல் செல்வதும் வழக்கம். ஊரறியும் என்னும் அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது காயத்தினும் கொடிதாகலாம். உடனழைத்துச் சென்று உண்மையைக் கூறும் துணிவும் நம்பிக்கையின் கூறே.

முடிவுரை

இசைவு ஒருமுறை தந்து முடிவதன்று. ஒவ்வொரு கணமும் புதுப்பிக்கப்படுவது. நிறுத்தென்ற சொல்லுக்குக் கை உடனே நிற்குமாயின் அது விளையாட்டு. நில்லாதாயின் அக்கணத்திலிருந்து அது தாக்குதல். வாத்ஸ்யாயனர் குறித்த மூன்று நிகழ்வுகளும் கைகள் நில்லாமையின் சான்றுகளே.